உவர்க்கரை வீடுகளிற் சவர்க்காரமும் கைகாற் பூச்சும் செய்தல்

சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் கைகால் வெடிப்பும் தொடங்கிவிடுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர், புத்தளத்து உப்பளங்களில் உப்பு வாருவோர், மீன் கழுவிக் கருவாடு போடும் பெண்கள் ஆகிய எல்லோரும் இதனை அறிவர். உடப்புப் பக்கத்துக் கரைவலைப் பருவம் வாடையோடு வருவதாயினும், கயிறு இழுத்த உள்ளங்கை அக்காலத்திலும் வெடிக்கத்தான் செய்கின்றது. மணல், உப்பு, காற்று ஆகிய மூன்றும் தோலில் இயற்கையாக அமைந்த எண்ணெய்ப் பசையை நாள்தோறும் அகற்றிவிடுகின்றன. மாலையில் கிணற்றடிக்குச் சென்று சவர்க்காரம் தேய்த்தால் அங்கும் ஆறுதல் இல்லை. நுரை எழுவதற்குப் பதிலாக வெண்ணிறப் பிசுக்கொன்று தோலிற் படிகின்றது.

இதற்குச் சவர்க்காரத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மணலூடாக ஊறி வருவது. அந்நீரிற் கரைந்துள்ள கல்சியம், மகனீசியம் என்பவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகின்றன. கடலும் களப்பும் அருகிலிருப்பதால் வரட்சிக் காலத்தில் உப்பும் ஏறுகின்றது. உப்பு மிகுந்த நீரிற் பெரும்பாலான சவர்க்காரங்கள் கரைய மறுக்கும். சவர்க்காரத் தொழிற்சாலைகளிற் காய்ச்சிய கலவையிலிருந்து சவர்க்காரத்தைப் பிரித்தெடுப்பதற்கு உப்பையே இடுகின்றனர் என்பதை நோக்கின் இது எளிதில் விளங்கும்.

இதற்குப் புறம்பானது தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதியளவு லோரிக் அமிலம் உண்டு. அதிலிருந்து உண்டாகும் சவர்க்காரம் உப்பு நீரிலும் கரைந்து நுரைக்கும் இயல்பினது. நன்னீரைக் குடிப்பதற்கு மட்டும் சேமித்து வைத்துக் கடல் நீரிற் குளித்த மாலுமிகளுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேங்காயெண்ணெயிற் சவர்க்காரம் செய்து விற்றனர். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரில் இதுவும் சிறிது பிசுக்கு விடும். எனினும் ஏனையவை தோற்குமிடத்தில் இது நுரைக்கும்.

தேங்காய்க்கோ இங்கு பஞ்சமில்லை. இம்மாவட்டம் தெங்கு முக்கோணத்தின் ஒரு மூலையாகும். தெங்கு ஆராய்ச்சி நிலையமும் 1929 ஆம் ஆண்டு தொடக்கம் இம்மாவட்டத்து லுணுவிலயிலேயே இயங்கி வருகின்றது. பனையும் உண்டு. முன்னாளில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பனம்பழத்துக் களியைக் கரைத்துச் சேலை துவைத்தனர். அக்களியில் இயல்பாக நுரைக்கும் பொருளொன்று இருப்பதே காரணம். ஆகவே தோட்டத்துப் பொருளைக் கொண்டு உடலையும் உடையையும் தூய்மை செய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. புதிதாக வந்தது எரிசோடாதான். கேடு விளைவதும் பெரும்பாலும் அதனாலேயே.

எண்ணெய் எடுத்தல்

வீட்டுத் தேவைக்கு எண்ணெய் எடுக்கும் வழி இரண்டு. தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, மெல்லிய நெருப்பிற் காய்ச்சி எடுப்பது ஒன்று. இவ்வாறு ஒரு லீற்றர் எடுப்பதற்குக் காயின் பருமனுக்கேற்பப் பத்து முதற் பதினைந்து தேங்காய் வரை செல்லும். கொப்பறாவாக உலர்த்தி ஆலையிற் பிழிவிப்பது மற்றையது. இதில் ஏறக்குறைய எட்டுத் தேங்காய்க்கு ஒரு கிலோகிராம் எண்ணெய் கிடைக்கும். சவர்க்காரத்துக்குக் கொப்பறா எண்ணெயே போதுமானது. பாலிற் காய்ச்சிய எண்ணெயை, அதன் மணத்துக்காக, பூச்சுக்கு வைத்துக்கொள்வது சிக்கனமாகும்.

கொப்பறாவில் ஈரம் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் நிற்றல் கூடாது. வீட்டில் இதனை அளக்கும் கருவி இல்லாதபோது, ஒடித்துப் பார்த்து அறியலாம்: நன்கு உலர்ந்தது ஓசையோடு முறியும், ஈரமுள்ளது வளையும். மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்த கொப்பறாவை நீக்கிவிடல் வேண்டும். அப்பூஞ்சணத்திலிருந்து அப்லடொக்சின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகின்றது. 2021 ஆம் ஆண்டில் இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டதை வாசகர் மறந்திரார். பூஞ்சணக் கொப்பறாவின் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் நஞ்சு பாலிலும் வந்து சேரும். ஆதலால் ‘சவர்க்காரத்துக்குத்தானே’ என்று அதனை ஒதுக்கி வைப்பதும் தவறு.

எடுத்த எண்ணெயைத் தெளியவைத்து, துணியில் வடித்து, நீர்த்துளி இல்லாத போத்தலில் நிரப்புதல் வேண்டும். எண்ணெய் காறுவதற்கு முதற் காரணம் அதனுள் தங்கிய நீரே.

சவர்க்காரம்: முதலில் தராசு

எண்ணெயும் எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) சேர்ந்து சவர்க்காரமும் கிளிசரினும் ஆகின்றன. கொழுப்பின் உட்கூறுகளை ஆராய்ந்து இவ்வுண்மையை வெளிப்படுத்தியவர் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர்; அவரது நூல் 1823 இல் வெளிவந்தது. இங்கு கவனித்தற்குரியது யாதெனில், ஒவ்வோர் எண்ணெயும் குறித்த நிறையுள்ள சோடாவையே ஏற்கும் என்பதாம். தேங்காயெண்ணெய் 1 கிலோகிராம் ஏறக்குறைய 183 கிராம் எரிசோடாவை முற்றாக ஏற்கும். அதற்கு மேல் இட்ட சோடா சேர்வதற்கு எண்ணெயின்றிக் கட்டியினுள் தனித்து நின்று தோலைச் சுடும்.

அவ்வாறாயின் 183 கிராமே இடலாமா? இடலாகாது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கை அகற்றுவதில் மிக வல்லது. அவ்வன்மையே அதன் குறையுமாகும். அழுக்கோடு தோலின் பசையையும் எடுத்துச் செல்லும். வேறு எண்ணெய்களிற் செய்யும் சவர்க்காரத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மிகையாக நின்றாற் போதும். தேங்காயெண்ணெயில் மட்டும் செய்யுமிடத்து இருபது பங்கு மிகையாக விடுதல் வேண்டும். எனவே உடம்புக்குத் தேய்க்கும் சவர்க்காரத்துக்கு 1 கிலோகிராம் எண்ணெய்க்கு 147 கிராம் எரிசோடாவே அளவு. 147க்கும் 183க்கும் இடையிலுள்ள 36 கிராம் தோலுக்கு இதந்தருவதோடு, தராசில் நேரும் சிறு பிழையையும் தாங்கிக்கொள்ளும் வேலியுமாகும். துணி துவைப்பதற்கு மாத்திரமாயின் 178 கிராம் வரை இடலாம். ஆனால் அங்கு வேலியில்லை. பழகாத கை அதனை முயலுதல் நன்றன்று. அவ்வாறு செய்த கட்டியைக் குளிக்கும் இடத்தில் வைக்கவும் கூடாது.

கிண்ணத்தாலும் கரண்டியாலும் அளத்தல் முற்றாக விலக்கத்தக்கது. ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 920 கிராம் நிறையுடையது. லீற்றரைக் கிலோகிராம் என்று கொண்டவர் அறியாமலே வேலியின் ஒரு பகுதியைப் பிடுங்கிவிடுகின்றார். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை மாதர் சங்கத்திற் பலர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். இம்முயற்சிக்கு வேண்டிய மூலதனத்தில் முதலிடம் அதற்கே உரியது.

கரையோரத்துக்குரிய இன்னுமொரு கவனம் உண்டு. எரிசோடா காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சும். மூடி திறந்து கிடந்த சோடா கட்டிபட்டு, ஈரத்தின் நிறையையும் சேர்த்துக் காட்டும், வலிமையும் இழக்கும். இறுக மூடிய பிளாத்திக்குப் போத்தலில் வைத்து, வேண்டிய அளவை விரைந்து நிறுத்து, உடனே மூடிவிடல் வேண்டும். போத்தலின்மேல் ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதிச் சிறுவர் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் அவசியம். குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்கலாகாது.

செய்முறை

நீர் 300 கிராம் வேண்டும். கிணற்று உவர்நீர் இதற்கு உதவாது. வாடை மழையிற் பிடித்து வடித்து வைத்த மழைநீரோ வாலைநீரோ ஏற்றது. பாத்திரம் எவர்சில்வராகவோ தடித்த பிளாத்திக்காகவோ இருத்தல் வேண்டும். அலுமினியச் சட்டியை எரிசோடா அரித்து ஐதரசன் வாயுவை எழுப்பும், அவ்வாயு தீப்பற்றக்கூடியது. வார்ப்பதற்குப் பால் அட்டைப் பெட்டிகளைப் பயன்படுத்துவோர் அவற்றின் உட்புறத்தைப் பார்த்துக்கொள்ளல் நன்று. வெள்ளிபோல் மினுங்குமாயின் அதுவும் அலுமினியமே. பலகைப் பெட்டிக்குள் தடித்த பொலித்தீன் விரித்து வார்ப்பது மலிவும் நிலைப்புமாகும்.

வேலையைச் சோளகம் கிளம்புமுன், விடியற்காலையிற் செய்து முடித்தல் வேண்டும். காற்றெழுந்த பின் முற்றத்தில் எரிசோடாவை நிறுப்பவர் கண்ணைப் பணயம் வைக்கின்றார். மூடிய அறையும் ஆகாது. கரைக்கும்போது எழும் ஆவி தொண்டையை எரிக்கும். இறப்பர்க் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றையும் அணிந்த பின்பே போத்தலைத் திறக்கலாம்.

நீரை முதலிற் பாத்திரத்தில் ஊற்றி, அதனுள் எரிசோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுதல் வேண்டும். இதனை மாற்றிச் சோடாவின்மேல் நீரை ஊற்றினாற் பொங்கித் தெறிக்கும். கரைசல் கொதிநீரைப் போலச் சூடேறும். ஆறுவதற்கு நேரம் கொடுத்தல் வேண்டும். எண்ணெயும் கரைசலும் வெளியே தொட்டால் இளஞ்சூடாய்த் தோன்றும் வேளையில், ஏறக்குறைய 40 பாகையில், கரைசலை எண்ணெயினுள் மெல்லிய தாரையாக ஊற்றி ஒரே சீராகக் கிளறுதல் வேண்டும். மரத்துடுப்பாற் கிளறின் அரைமணி நேரமோ அதற்கு மேலோ செல்லலாம். கலவை கூழ்ப்பதம் அடைந்து, துடுப்பிலிருந்து விழும் துளி மேற்பரப்பிற் கோடாக நிற்குமாயின் அதுவே வார்க்கும் பதம்.

ஏனைய எண்ணெய்ச் சவர்க்காரத்தை மறுநாள் வெட்டலாம். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ விரைந்து இறுகுவது. மூன்று நான்கு மணித்தியாலத்திலேயே விரலால் அமுக்கிப் பார்த்து, அமுங்காத நிலை வந்ததும் வெட்டிவிடல் வேண்டும். இரவு தங்கவிட்டால் கத்தி பட்டதும் உதிரும். வெட்டும்போதும் கையுறை வேண்டும். அப்போது அது இன்னும் முற்றாகச் சவர்க்காரமாகவில்லை.

வெட்டிய கட்டிகளை நிழலில், காற்றோட்டமான தட்டில், ஒன்றோடொன்று படாமல் அடுக்கி நான்கு முதல் ஆறு கிழமை விடுதல் அவசியம். இக்காலத்தில் நீர் வற்றி, கட்டி கடினமாகி, மென்மையும் பெறும். அவசரப்பட்டு இரண்டாம் கிழமையில் விற்றவரிடம் வாங்கியவர் மறுமுறை வருவதில்லை. கட்டியினுள் ஈரக் குழிகளோ வெண்ணிறப் பளிங்குத் துணிக்கைகளோ தென்படுமாயின் அத்தொகுதி முழுவதையும் விலக்கிவிடுக.

நிறத்துக்காக மஞ்சள் சேர்ப்போர் அது சிவந்து பின் மங்குவதைக் கண்டு வியப்பதுண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேரக் குங்குமம் பிறக்கும் அதே காரியம்தான் இங்கும் நிகழ்கின்றது. மஞ்சள் தோய்த்த துணி சிவப்பதைக் கொண்டு சவர்க்காரம் பக்குவமாயிற்றா என்று அறிய முயல்வோரும் உளர். நல்ல சவர்க்காரமும் காரத்தன்மை உடையதே. ஆதலால் துணி எப்போதும் சிவக்கும், சோதனை ஒன்றையும் உணர்த்தாது.

எரிசோடா தோலிற் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதலே முதல் உதவி. வினாகிரியோ எலுமிச்சம் புளியோ ஊற்றலாகாது. கண்ணிற் பட்டாற் குறைந்தது கால் மணி நேரமாவது நீர் வார்த்துக் கழுவியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கைகழுவும் இந்நீர் வாளியை வேலை தொடங்குமுன் அருகில் நிரப்பி வைப்பதே முறை.

வெடிப்புக்குப் பூச்சு

சவர்க்காரம் தூய்மை செய்யும், வெடிப்பை ஆற்றாது. அதற்குரியது தேன்மெழுகுப் பூச்சு. இதில் எரிசோடாவும் இல்லை, ஆறு கிழமைக் காத்திருப்பும் இல்லை. புதிதாகத் தொடங்குவோர் உண்மையில் இதிலிருந்தே தொடங்குதல் நலம்.

தேங்காயெண்ணெய் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் நிறுத்து எடுத்துக்கொள்க. குளிர்நாட்டு நூல்களில் இதனினும் குறைந்த மெழுகு கூறப்படலாம். ஆனால் 24 பாகைக்கு மேல் உருகிவிடும் தேங்காயெண்ணெயை இக்கரையின் வெயிலில் இறுக்கி வைப்பது மெழுகே. ஒரு பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் இருத்தி, மெழுகு உருகும் வரை சூடேற்றி, துளியொன்றைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பார்த்தல் வேண்டும். மிக இளகியிருந்தால் மெழுகையும், மிகக் கடினமாயின் எண்ணெயையும் சிறிது சேர்க்கலாம். நேர் நெருப்பில் வைத்தல் கூடாது.

வேப்பிலை சேர்க்க விரும்புவோர் அதனை நிழலில் நொறுங்கும் வரை உலர்த்திய பின்பே எண்ணெயிலிட்டு இளஞ்சூட்டில் வைத்து வடித்துக்கொள்ளல் வேண்டும். பச்சையிலையின் நீர் பூச்சினுட் சென்றால் சில நாளிற் காறலும் பூஞ்சணமும் வரும். பூச்சிலிருந்து நீரை விலக்கி வைப்பதே அதன் ஆயுள். ஈரக்கையால் தோண்டி எடுப்பதும் அதே கேட்டைத் தரும்.

இரவிற் கைகாலைக் கழுவி, தோலின் ஈரம் முற்றாக உலருமுன் பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு உறங்குதல் வேண்டும். பூச்சு தானாக ஈரம் தருவதில்லை; உள்ள ஈரம் வெளியேறாது தடுப்பதே அதன் பணி. நீரிழிவு நோயாளரின் பாதவெடிப்பு வேறு காரியம். அவர்களுக்கு நோவு தெரியாமலே புண் ஆழமாகலாம். இரத்தமோ சீழோ காணும் வெடிப்புக்கு எந்த வீட்டுப் பூச்சும் இடாமல் மருத்துவ நிலையத்துக்கே செல்லுதல் வேண்டும்.

கற்றாழையும் சில தவறுகளும்

வேலியோரத்து மணலிற் சோற்றுக் கற்றாழை இங்கு எளிதில் வளரும். இலையை வெட்டியதும் வடியும் மஞ்சட்பால் சிலருக்கு அரிப்பைத் தரும். ஆகவே வெட்டுவாய் கீழே இருக்குமாறு சிறிது நேரம் நிறுத்தி, பால் வடிந்த பின் கழுவித் தோலைச் சீவி உள்ளிருக்கும் சோற்றை மட்டும் பயன்படுத்தல் வேண்டும். வெயிலிற் காய்ந்த தோலுக்கு அது குளிர்ச்சி தரும். முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது நன்று. எடுத்த சோறு அன்றைக்கே உரியது. அதனை எண்ணெயோடு அடித்துக் ‘கிறீம்’ என்று போத்தலில் அடைத்து விற்பது தவறு. நீருள்ள பண்டம் தக்க காப்புப்பொருள் இன்றி ஓரிரு நாளிலேயே கிருமிகளுக்கு இருப்பிடமாகும். விற்பனைக்குக் கற்றாழை இலையை இலையாகவே கொடுக்கலாம். அதற்குக் கரையிற் காடாக நிற்பதைப் பிடுங்காமல் பக்கக் கன்றைப் பிரித்து வேலியில் நடுவது கமக்காரருக்குத் தக்கது.

முகத்தில் எலுமிச்சம் புளி தேய்த்து வெயிலிற் செல்வோருக்குத் தோல் வெந்து கருந்தழும்பு விழுவதுண்டு. இயற்கைப் பொருள் என்பதனால் மட்டும் எதுவும் தீங்கற்றதாகிவிடாது. எனினும் கடையில் மூலப்பொருட் பெயரின்றி விற்கப்படும் வெண்மையாக்கும் களிம்புகளோடு ஒப்பிட இது சிறு தவறே. அவற்றுட் சிலவற்றில் இரசம் கலக்கப்படுகின்றது. இரசம் தோலூடாக உடலிற் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயிடமிருந்து குழந்தைக்கும் சேரும். 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய களிம்புகளை உலகெங்கும் ஒழிக்க முயல்கின்றது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாகும்.

விலையும் பெட்டியும்

1 கிலோகிராம் எண்ணெயிலிருந்து, நீர் வற்றிய பின், 100 கிராம் கட்டிகள் ஏறக்குறையப் பன்னிரண்டு கிடைக்கும். பாலிற் காய்ச்சிய எண்ணெயாயின் ஒரு கட்டியில் ஒரு தேங்காய் அடங்கியிருக்கின்றது. கொப்பறா எண்ணெயாயின் மூன்றில் இரண்டு பங்கு தேங்காய். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரங்களில் ஒரு தேங்காய் 200 ரூபாயையும் தாண்டி விற்றது. அத்தகைய காலத்திற் கடைச் சவர்க்காரத்தின் விலையோடு போட்டியிட முயல்பவர் தம் தேங்காயை நட்டத்துக்கு விற்கின்றார். சிறுத்த காய், உடைந்த காய், சந்தையில் கழிக்கப்பட்ட காய் ஆகியவற்றை, பூஞ்சணம் பிடிக்குமுன், கொப்பறாவாக்கிக் கொள்வோருக்கே சவர்க்காரம் கட்டுபடியாகும். ஏனையோர் வீட்டுத் தேவையளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பூச்சின் கணக்கு வேறு. 25 கிராம் சிமிழில் எண்ணெய் 20 கிராமே. ஒரு தேங்காயின் எண்ணெய் நான்கைந்து சிமிழுக்குப் போதும். தென்னந்தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்போரிடம் மெழுகும் கிடைக்கும். தேன் பிழிந்தபின் அடையை எறிந்துவிடும் வீடுகள் இன்னும் இருப்பது வருந்தத்தக்கது.

கட்டியைப் பொலித்தீனிற் சுற்றினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். பனங்குருத்தோலையிற் பின்னிய சிறு பெட்டி காற்றுப் புக இடந்தந்து கட்டியை உலர்வாக வைக்கும். கற்பிட்டிப் பக்கத்தில் ஓலைப் பின்னல் அறிந்த கைகளும் உண்டு. தேய்த்து வழுவழுப்பாக்கிய சிரட்டையில், கண்ணைத் துளைத்து நீர் வடியவிட்டால், அது சவர்க்காரத் தட்டாகும். கொடியிலேயே முற்றி உலர்ந்த பீர்க்கங்காயின் நாரை வெட்டி, தும்புக் கயிறு கோத்துச் சேர்த்துக் கொடுத்தால், வாங்குவோருக்கு உடம்பு தேய்க்கவும் ஆயிற்று. இவற்றுக்குக் கைவேலையன்றி வேறு செலவு இல்லை.

விற்கத் தொடங்குவோர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பெட்டியின்மேல் மூலப்பொருள்கள், நிறை, செய்த திகதி, தொகுதி எண் என்பவற்றை எழுதுக. ‘நோய் தீர்க்கும்’, ‘வெண்மையாக்கும்’ என்னும் சொற்களை எழுதற்க. ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணெய், எரிசோடா, நீர் ஆகியவற்றின் நிறையையும், வார்த்த நாளையும், வெட்டிய நேரத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து, அத்தொகுதியின் ஒரு கட்டியை விற்காமல் எண்ணிட்டு எடுத்து வைத்தல் வேண்டும். யாரேனும் தோல் எரிகின்றதென்று கூறி வரும் நாளில், கொப்பியையும் அக்கட்டியையும் கொண்டே பிழை எங்கு நேர்ந்ததென அறியலாம்.